காப்பகத்தில் இருந்து திரும்பிய பிராணி: முதல் 14 நாட்களுக்கான கவனிப்பு

வெளியூர் போகும்போது காப்பகத்தில் விட்டிருந்த நாயை வீட்டுக்கு அழைத்து வந்த முதல் இரவிலேயே, புதிதாக நாய் வளர்ப்பவர்கள் பதறிவிடுகிறார்கள். வழக்கமாக வாசலுக்கு ஓடி வருவது இப்போது தலையைக்கூடத் தூக்கவில்லையே என்று கவலை. அடுத்த வாரம் அதே நாய் இருமத் தொடங்கும்போது, இன்னும் அலுப்புத் தீரவில்லை போலும் என்று விட்டுவிடுகிறார்கள். பதற வேண்டிய நேரத்தில் பொறுமையும், பொறுக்க வேண்டிய நேரத்தில் பதற்றமும் வந்து சேர்கின்றன. முதல் இரண்டு நாள் சோர்வு பெரும்பாலும் தூக்கம் கெட்டதால் வருவது. தொற்றுநோய் அவ்வளவு சீக்கிரம் முகம் காட்டாது. கிருமி உள்ளே புகுந்து, பெருகி, அறிகுறியாக வெளிப்படச் சில நாட்கள் ஆகும். ஆகவே பிராணி வீடு திரும்பிய தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 14 நாட்களை எண்ணத் தொடங்குங்கள்.

முதல் படி: காப்பகத்தின் வாசலில் கேட்க வேண்டியவை

கட்டணத்தைக் கொடுத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். தினமும் எவ்வளவு சாப்பிட்டது, எந்த உணவு கொடுத்தார்கள், மலம் எப்படி இருந்தது, மாத்திரை இருந்தால் எந்தெந்த நாளில் கொடுத்தார்கள், மற்ற நாய்களோடு சேர்ந்து விளையாட விட்டார்களா என்று கேளுங்கள். இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: “இந்த நாட்களில் இங்கே வேறு எந்த நாய்க்காவது இருமலோ பேதியோ இருந்ததா?” குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் “இல்லை” என்ற பதில்தான் வரும். எங்கள் மருத்துவரிடம் சொல்வதற்காகக் கேட்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள், உண்மை வரும் வாய்ப்பு கூடும்.

அங்கேயே எடை பார்க்க முடிந்தால் பாருங்கள். விடும்போது பார்த்த எடை கையில் இருந்தால்தான் இது பயன்படும். கவலையால் சரியாகச் சாப்பிடாத நாய் சற்று மெலிந்து வருவது உண்டு. பத்தில் ஒரு பங்கு எடை குறைந்திருந்தால் அதை அலுப்பின் கணக்கில் எழுத முடியாது, மருத்துவர் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல வெளிச்சத்தில் உடலை ஒருமுறை தடவிப் பாருங்கள். பாதத்தின் அடிப்பகுதி சிமென்ட் தரையில் தேய்ந்திருக்கலாம். கம்பிகளில் முட்டி மூக்கு நுனி சிராய்ந்திருக்கலாம். சுவரில் அடித்து அடித்து வால் நுனியில் புண் வந்திருக்கலாம். காதுமடலுக்குள், விரல் இடுக்கில், அக்குளில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். குரல் கம்மியிருந்தால், நாள் முழுவதும் குரைத்ததே பெரும்பாலும் காரணம், ஓரிரு நாளில் தெளிந்துவிடும்.

இரண்டாம் படி: முதல் மாலையில் ஒன்றும் செய்யாமல் இருப்பது

இதுதான் புதியவர்களுக்கு மிகக் கடினமான படி. பிரிந்திருந்த குற்ற உணர்வில் விருந்து வைப்பதும், குளிப்பாட்டுவதும், நண்பர்களை அழைப்பதும், பூங்காவுக்குக் கூட்டிப் போவதும் அன்பினால் செய்வதுதான். ஆனால் பல நாட்களாகக் குரைப்பொலிக்கும் அந்நிய வாசனைகளுக்கும் நடுவில் அரைத்தூக்கம் தூங்கிய உயிருக்கு அன்று வேண்டியது அமைதி மட்டுமே.

தண்ணீர்க் கிண்ணத்தைக் கண்டதும் சில நாய்கள் மூச்சுவிடாமல் குடித்துவிட்டு அப்படியே வாந்தி எடுக்கும். கொஞ்சம் ஊற்றுங்கள், சற்று நேரம் கழித்து மீண்டும் கொஞ்சம் ஊற்றுங்கள். உணவுக்கு அவசரமில்லை. பரபரப்பு அடங்கிய பிறகு, வழக்கமான அளவில் பாதி போதும். காப்பகத்தில் வேறு உணவு கொடுத்திருந்தால் அதில் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து, 5 முதல் 7 நாட்களில் படிப்படியாகப் பழைய உணவுக்கு மாற்றுங்கள்.

நெஞ்சு ஆழமான பெரிய இன நாய் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். வயிறு காற்றால் ஊதி, தன்னைத்தானே திருகிக்கொள்ளும் ஆபத்து இவற்றுக்கு அதிகம். அவசர அவசரமாக விழுங்குவதும் மன அழுத்தமும் அந்த ஆபத்தைக் கூட்டும். வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் தவிப்பது, எச்சில் ஒழுகுவது, நிலைகொள்ளாமல் அலைவது, வயிறு பறைபோல் இறுகுவது ஆகியவை தெரிந்தால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால் நாயைக் காப்பாற்ற முடியாமல் போகலாம்.

வீட்டில் வேறு பிராணிகள் இருந்தால் சில நாட்களாவது தனிக் கிண்ணம், தனிப் படுக்கை, முடிந்தால் தனி அறை. குறிப்பாக, தடுப்பூசி முடியாத குட்டி இருந்தால் இதில் சலுகையே கூடாது.

மூன்றாம் படி: எதை எல்லாம் பொறுக்கலாம்

ஒன்றிரண்டு நாள் நீண்ட தூக்கம், கூடுதல் தாகம், சற்றுக் குறைந்த பசி, ஓரிரு முறை இளகிய மலம், எங்கே போனாலும் காலைச் சுற்றிக்கொண்டே வருவது, பழகிய வீட்டிலேயே சிறுநீர் கழித்துவிடுவது. இவை எல்லாம் வரலாம், போய்விடும். தூங்குவதை எழுப்பிக் கொஞ்ச வேண்டாம். ஆனால் எழுந்ததும் உங்களை அடையாளம் கண்டு வாலாட்டுகிறதா, விருப்பமான தின்பண்டத்தை வாங்கிக்கொள்கிறதா என்று பாருங்கள். களைத்த நாய் தின்பண்டத்துக்குக் கண் திறக்கும். நோயுற்ற நாய் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தப்பே நேராத சோதனை என்று சொல்லமாட்டேன், ஆனால் வீட்டில் செய்யக்கூடியவற்றில் நல்லது.

ஊகத்தைவிட அளவு நம்பகமானது. தூங்கும்போது நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்குவதை ஒரு மூச்சாகக் கொண்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். நாய்க்கும் பூனைக்கும் 30-க்குள் இருக்க வேண்டும். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். (கறுப்பு ஈறு உள்ள இனங்களில் கீழ் இமையின் உட்புறத்தைப் பார்க்கலாம்.) நாயின் உடல் வெப்பம் சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். மனிதருக்குக் காய்ச்சல் என்று சொல்லும் அளவு அதற்கு இயல்பு. மூக்கு ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா என்று பார்த்து உடல்நலம் சொல்வது காலம் காலமாக வரும் பழக்கம். அதனால் எந்தப் பயனும் இல்லை.

நான்காம் படி: இருமல்

காப்பகத்தில் இருந்து வரும் நோய்களில் பெயர்பெற்றது கென்னல் காஃப் என்னும் தொற்று இருமல். ஒரே கிருமியால் வருவதல்ல. போர்டெடெல்லா பிராங்கிசெப்டிகா என்ற பாக்டீரியா, பாரா இன்ஃப்ளுவென்சா வைரஸ், அடினோ வைரஸ் 2 ஆகியவை தனியாகவோ கூட்டாகவோ மூச்சுக்குழாயைத் தாக்குவதால் வருவது. பெரும்பாலும் தொற்றிய 3 முதல் 10 நாட்களில் தெரியும், 14 நாள் வரையும் ஆகலாம். அதனால்தான் ஒரு வாரம் நன்றாக விளையாடிக்கொண்டிருந்த நாய் திடீரென்று இருமுவதைக் கண்டு, காப்பகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

ஓசை தனித்துவமானது. வறண்ட, வாத்து கத்துவது போன்ற கரகரத்த இருமல், அதன் முடிவில் எதையோ கக்குவது போன்ற ஒரு குமட்டல், சில சமயம் வெண்ணுரை. தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டதென்று பயந்து வாய்க்குள் விரலை விடுபவர்கள் உண்டு. கழுத்துப்பட்டை இழுபடும்போதும், உற்சாகத்தில் துள்ளும்போதும் இருமல் கூடும். சாப்பாடும் சுறுசுறுப்பும் வழக்கம்போல் இருந்தால் பெரும்பாலும் 1 முதல் 3 வாரத்தில் தானாகவே அடங்கும்.

அதுவரை செய்ய வேண்டியவை சில. கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு மார்பைச் சுற்றும் பட்டையைப் போடுங்கள். ஓட்டமும் பந்து விளையாட்டும் வேண்டாம். நீங்கள் வெந்நீரில் குளிக்கும்போது ஆவி நிறைந்த குளியலறையில் பத்து நிமிடம் உடன் இருக்க விடுங்கள், வறண்ட தொண்டைக்கு இதம். வீட்டுக்குள் புகைபிடிப்பவர் வெளியே போகட்டும். நாய் இருமினாலும் இருமாவிட்டாலும்.

மனிதருக்கான இருமல் மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். அவற்றில் சிலவற்றில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு நஞ்சு. காய்ச்சல் என்று ஐபுப்ரோஃபென் கொடுத்தால் நாயின் வயிற்றில் புண்ணும் சிறுநீரகச் சேதமும் வரலாம். பாரசிட்டமால் பூனைக்கு மிகச் சிறிய அளவிலேயே உயிரைப் பறிக்கும்.

இருமலோடு காய்ச்சல், மூக்கில் மஞ்சள் அல்லது பச்சைச் சளி, உணவில் வெறுப்பு, ஓய்விலும் வேகமான மூச்சு இவற்றில் ஏதேனும் சேர்ந்தால் அது நுரையீரல் வரை இறங்கியிருக்கலாம், நாய்களுக்கு வரும் இன்ஃப்ளுவென்சாவாகவும் இருக்கலாம். குட்டி, முதிய நாய், மூக்கு தட்டையான பக், புல்டாக் போன்ற இனங்கள் என்றால் இருமல் தொடங்கியதுமே காட்டிவிடுங்கள். போகும் முன் தொலைபேசியில் சொல்லுங்கள்: நாய் காப்பகத்தில் இருந்தது, இன்ன தேதியில் வந்தது, இருமுகிறது. காத்திருப்பு அறைக்குள் கொண்டுபோகாமல் வெளியிலேயே நில்லுங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் மற்ற நாய்களுக்கு நீங்கள் செய்யும் மரியாதை அது.

இருமல் நின்றதும் கிருமி போய்விட்டது என்று பொருளல்ல. போர்டெடெல்லா வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டிருக்கலாம். பூனைக்கும் பரவும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய மனிதருக்கும் அரிதாகப் பரவும். மற்ற நாய்களோடு எப்போது சேர்க்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: பேதி

வீடு திரும்பிய முதல் மூன்று நாட்களில் வரும் பேதி பெரும்பாலும் மன அழுத்தத்தாலும் உணவு மாற்றத்தாலும் பெருங்குடல் அழல்வதால் வருவது. அடிக்கடி அவசரமாக ஓடும், ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகவே போகும், சீதம் கலந்திருக்கும், சில நேரம் புது இரத்தம் கோடாகத் தெரியும். இரத்தத்தைப் பார்த்ததும் நமக்கு உயிரே போய்விடும் போலிருக்கும். ஆனால் நாய் உற்சாகமாக இருந்து, வாந்தி இல்லாமல், தண்ணீர் குடித்தால் ஒரு நாள் கவனித்துப் பார்க்கலாம்.

பட்டினி போட வேண்டியதில்லை, குட்டிகளைப் பட்டினி போடவே கூடாது. தோலும் எலும்பும் நீக்கி உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் குழைந்த வெள்ளைச் சோறும் சிறு பங்குகளாக நாளைக்கு நான்கு வேளை கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் சேரவே கூடாது, இரண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். மலம் கெட்டியானதும் மூன்று நான்கு நாட்களில் பழைய உணவுக்கு வாருங்கள். மனிதர் பேதிக்குப் போடும் லோப்பரமைடை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ‘காலி’ (Collie) போன்ற சில மேய்ச்சல் இன நாய்களில் ஒரு மரபணுக் குறையால் அது மூளைக்குள் சென்று நஞ்சாகிறது.

நாட்கள் தள்ளிவரும் பேதி வேறு கதை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, விட்டு விட்டு வரும், நாற்றம் மிகுந்த, கொழகொழப்பான மலம் என்றால் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது எல்லா நாளும் மலத்தில் வெளிப்படுவதில்லை. ஆகவே ஒரு சோதனையில் இல்லை என்று வந்தாலும், அறிகுறி நீடித்தால் வெவ்வேறு நாட்களின் மாதிரிகளைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தியும் இரத்தப் பேதியும் சேர்ந்தால் பார்வோ வைரஸ் நோய் என்றே எண்ணிக்கொண்டு புறப்படுங்கள். தொற்றிய 3 முதல் 7 நாட்களில் பொதுவாகத் தெரியும். சிகிச்சை தொடங்கும் நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. வளர்ந்த நாயாக இருந்தாலும், தார்போல் கறுத்த மலம், நிற்காத வாந்தி, கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் மெல்லத் திரும்புவது ஆகியவை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்.

பூனை வளர்ப்பவர்களுக்கு

பூனை தன் துன்பத்தை மறைப்பதில் தேர்ந்தது. காப்பகத்தில் அமைதியாக இருந்தது என்று சொன்னால் நான் மகிழ மாட்டேன். பயத்தில் உறைந்து மூலையில் கிடந்த பூனையும் அமைதியாகத்தான் இருந்திருக்கும்.

குட்டிப் பருவத்தில் ஹெர்பிஸ் வைரஸ் தொற்றிய பூனையின் நரம்புகளில் அது வாழ்நாள் முழுவதும் உறங்கிக்கொண்டிருக்கும். இடமாற்றத்தின் அழுத்தம் அதை எழுப்பிவிடும். எழுந்த வைரஸ் வெளிப்படச் சுமார் ஒரு வாரம் ஆகும் என்பதால், வீட்டுக்கு வந்து நாட்கள் கழிந்த பின் தும்மலும், கண்ணில் நீரும், ஒரு கண்ணை மட்டும் சுருக்குவதும் தொடங்கும். யாரிடமிருந்தும் புதிதாகத் தொற்றாமலே இப்படி வரலாம், காப்பகத்தைத் திட்டும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள். மூக்கடைத்த பூனை மணம் தெரியாமல் சாப்பிட மறுக்கும். உணவைச் சற்று வெதுவெதுப்பாக்கி வைத்தால் மணம் எழும்.

சாப்பிடாமை பூனைக்குப் பெரிய ஆபத்து. ஒரு முழு நாள் எதுவும் உண்ணவில்லை என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். குண்டான பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

ஆண் பூனை மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய், முக்கி முனகி, ஒரு துளியோடு வந்தால் மலச்சிக்கல் என்று நினைத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை அழன்று பாதை அடைபடுவது ஆண் பூனைகளுக்கு உண்டு. ஓரிரு நாளில் உயிர் போகும். நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டிய நிலை இது.

வீட்டில் இரண்டு பூனைகள் இருந்து, ஒன்று மட்டும் போய் வந்திருந்தால், வீட்டில் இருந்தது அதைப் பார்த்துச் சீறலாம். மறந்துவிட்டது என்று வருந்த வேண்டாம், வந்ததன் உடம்பில் அந்நிய வாசனை அடிக்கிறது, அவ்வளவுதான். தனி அறையில் ஓரிரு நாள் விடுங்கள். ஒரு துணியால் இரண்டின் கன்னங்களையும் மாற்றி மாற்றித் தடவி வாசனையைக் கலக்கவிடுங்கள். பிறகு கதவின் இரு பக்கமும் உணவு வைத்துச் சேருங்கள்.

ஆறாம் படி: மனம்

வீட்டில் சிறுநீர் கழித்த நாயைத் திட்டிப் பயனில்லை. சில நாட்களுக்கு அதைக் குட்டியாகவே பாவித்து, தூங்கி எழுந்ததும் சாப்பிட்டதும் வெளியே அழைத்துச் செல்லுங்கள், மீண்டும் பழகிக்கொள்ளும். உணவு, நடை, உறக்கம் மூன்றும் பழைய நேரத்திலேயே நடக்கட்டும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் குறையும்.

நீங்கள் கதவைத் தொட்டாலே அழும் நாயை அணைத்தபடியே வாரம் முழுவதும் வீட்டில் உட்கார்ந்திருந்தால், வேலைக்குப் போகும் நாள் பெருந்துன்பமாகிவிடும். முதலில் அடுத்த அறைக்குப் போய் வாருங்கள். பிறகு ஐந்து நிமிடம் வெளியே. பிறகு அரைமணி. வழியனுப்பும் ஆர்ப்பாட்டம் இல்லாமல் போய், ஆர்ப்பாட்டம் இல்லாமல் வாருங்கள்.

கழுத்துப்பட்டையைத் தொட்டதும் ஒடுங்குகிறது, கையை நீட்டினால் பின்வாங்குகிறது என்றால், அங்கே அடித்திருப்பார்கள் என்ற முடிவுக்கு உடனே வராதீர்கள். காது வலி, கழுத்துச் சுளுக்கு, பட்டைக்கடியில் புண் இவையும் அதே நடத்தையைத் தரும். முதலில் வலியைத் தேடுங்கள். வலி ஒன்றும் இல்லை, இரண்டு வாரத்துக்குப் பிறகும் ஒடுக்கம் மாறவில்லை என்றால், காப்பகத்தோடு பேச வேண்டியதும் நடத்தைப் பயிற்சி தெரிந்தவரிடம் போக வேண்டியதும் வருகிறது.

ஏழாம் படி: 14 நாள் முடிந்த பிறகும்

உண்ணியால் வரும் காய்ச்சல்கள் 1 முதல் 3 வாரம் எடுத்துக்கொள்ளும். இரண்டாம் வாரத்துக்குப் பின் காய்ச்சல், வெளுத்த ஈறு, அடர்நிறச் சிறுநீர் தெரிந்தால் உண்ணியைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வட்டமாக முடி கொட்டிய படர்தாமரையும் தாமதமாகவே வெளிப்படும், அது மனிதருக்கும் ஒட்டும்.

நோய் உறுதியானால் காப்பகத்துக்குத் தெரிவியுங்கள். சண்டைக்காக அல்ல, இன்று அங்கே இருக்கும் பிராணிகளுக்காக. நல்ல காப்பகம் நன்றி சொல்லி, அறைகளைக் கழுவி, மற்ற உரிமையாளர்களை எச்சரிக்கும். எரிந்து விழுந்தால் அடுத்த முறை எங்கே விடக்கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த முறைக்கான ஏற்பாட்டைச் சீக்கிரம் தொடங்குங்கள். ஊசியாகப் போடும் போர்டெடெல்லா தடுப்பூசி முதன்முறை என்றால் 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். மூக்கில் விடும் வகை விரைவாகப் பலன் தரும் என்றாலும், அதற்கும் சில நாட்கள் வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய நாள் போடும் ஊசி காப்பகத்தின் படிவத்தை நிரப்புமே தவிர நாயைக் காக்காது. போட்டாலும் லேசான இருமல் வரலாம், தடுப்பூசி நோயின் கடுமையைத்தான் குறைக்கிறது. உணவை வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள், உங்கள் பழைய துணி ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். நீண்ட பயணத்துக்கு முன் ஒரே ஓர் இரவு மட்டும் விட்டுப் பாருங்கள். சிறுநீர்ப்பைத் தொல்லையோ ஹெர்பிஸோ உள்ள பூனைக்குக் காப்பகத்தைவிட, தினமும் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் ஆளே மேல். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், நாய்களின் ஓசையும் வாசனையும் எட்டாத தனிப் பகுதி உள்ள இடமாகத் தேடுங்கள்.